உருண்டைப் பந்து, நீட்டுப் பந்து, நரெல்

உலகம் முழுக்கக் கால்பந்து என்று சொல்கிற அந்த உருண்டைப் பந்து ஆட்டத்துக்கு எங்கள் ஊரில் சாக்கர் என்று பேர். ஃபுட்டி என்றால் அது வேறு. நீட்டுப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், காலால் உதைக்கலாம், தோளால் இடித்துத் தள்ளலாம். நான் எந்தப் பக்கம் என்று பிறகு யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஃபுட்டிக்காரி. மிர்ராடு ஊரில் பேக்கரி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மைதானத்துக்குப் போகும், இறைச்சி அடைத்த மீட் பை எல்லாம் என் அடுப்பில் வெந்தவைதான். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, இரண்டு பக்கமும் ஒன்றும் அடிக்காமல், கை குலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒன்றை ஆட்டம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வராது. இன்றைக்கும் வராது.

ஆனால் இது என் கதை இல்லை, என் நாத்தனார் நரெலின் கதை. என் வீட்டுக்காரர் ராஸுக்குக் கடைசித் தங்கை. கிப்ஸ்லாந்து மலைச்சரிவில் மாட்டுப் பண்ணை வைத்துப் பால் கறந்து பிழைக்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் துணிவதில்லை. தோள் இரண்டும் கதவு அகலம். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், குரல் இன்னும் இறங்கும். அப்போது மாடுகள்கூட ஒதுங்கி நிற்கும்.

அவளுக்குப் பந்தைக் காட்டியது ராஸ்தான். கறவை முடிந்ததும் அண்ணனும் தங்கையும் புல்வெளியில் நின்று இருட்டும்வரை உதைப்பார்கள். அவர் உதைப்பதை ஓடிப்போய் எகிறிப் பிடிப்பாள். பறந்து வருகிற பந்தைத் தரையில் விழுமுன் கையில் பிடித்தால் எங்கள் ஆட்டத்தில் அதற்கு மார்க் என்று பேர். மார்க் பிடித்தவரை யாரும் தொடக்கூடாது, நிதானமாக நாலடி பின்னால் போய் நின்று உதைக்கலாம். நரெல் பிடிக்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வேலியில் வந்து சாய்ந்து நிற்பார்கள். ஊர்ச் சிறுவர் அணியில் அவள் ஒருத்திதான் பெண். அந்த அணியை அவள்தான் தாங்கினாள் என்று சொன்னால் அது உறவுக்காரியின் பெருமை இல்லை, ஊருக்கே தெரிந்த விஷயம்.

அவளுக்குப் பதினாலு வயதானதும் அது நின்றது. அதற்கு மேல் பெண்பிள்ளை ஆண்பிள்ளைகளோடு ஆடக்கூடாது என்று விதி. பெண்களுக்கென்று தனி அணி எங்கும் கிடையாது. அன்றைக்குச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நெவில். இன்றைக்கு ஃபுட்டி கிளப்பின் தலைவரும் அவரேதான். ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில், மைதானத்தின் நடுவில், எல்லாரும் பார்க்க அவளிடம் வந்தார்.

"கண்ணு, போதும். சட்டையைக் கழட்டிக் குடு. உன் இடத்துக்கு வேற பையன் வந்திருக்கான்."

"ஏன்?"

"ரூல்ஸ் அப்படி. நாளைக்கு உனக்கு அடிபட்டா நான்தானே பதில் சொல்லணும்? போய் நெட்பால் ஆடு, அது பொண்ணுங்களுக்குன்னே இருக்கு."

ஜூலை மாதம், உலகத்தின் தென்கோடியில் இருக்கிற எங்களுக்கு நடுக்குளிர்காலம். உள்பனியனோடு நடந்து வந்து ராஸின் வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், ஆட்டம் முடியும்வரை இறங்கவில்லை. நெட்பால் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பெரியவளானதும் மைதானத்துக்குள் கால் வைக்க அவளுக்கு ஒரே வழிதான் கிடைத்தது. கோல் நடுவர் வேலை. கம்பங்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய கம்பங்களுக்கு நடுவில் பந்து போனால் கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடி அசைக்க வேண்டும். குறி தவறிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனாலும் ஒரு புள்ளி, ஒரு கொடி. மழையில் யாரும் நிற்க விரும்பாத வேலை என்பதால் அவளுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நரெல் நின்றாள்.

இதற்கிடையே ஊர் மாறிக்கொண்டிருந்தது. இறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் பற்றாமல் பிலிப்பைன்ஸிலிருந்தும் காங்கோவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களோடு சாக்கரும் வந்தது. மாட்டுச் சந்தைக்குப் பின்னால் பள்ளமான ஒரு புல்வெளி. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் உருட்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஊர் சிரித்தது. பிறகு பள்ளிக்கூடத்திலும் அந்த ஆட்டம் பரவியது. அடுத்த கோடையில் என் கடைக்கு வரும் அம்மாக்கள் அதையே பேசினார்கள். "சாக்கர்னா மண்டை உடையாது மெர்ல், ஒல்லிப் பையனும் ஆடலாம்." ஃபுட்டிக்குச் சிறுவர் அணி சேர்க்கப் பதினெட்டுப் பேர் தேற்றமுடியாமல் நெவில் தொலைக்காட்சியைத் திட்டினார், அம்மாக்களைத் திட்டினார், கைப்பேசியைத் திட்டினார். பதினெட்டைவிடப் பதினொன்று சின்ன எண் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பந்தும் நாலு செருப்பும் இருந்தால் சாக்கர் எங்கேயும் முளைத்துவிடும். ஃபுட்டிக்கு ஒரு ஊரே வேண்டும். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நரெல் தன் வண்டியில் சந்தைப் பக்கம் போகும்போது ஒரு பந்து வேலி தாண்டித் தெருவில் வந்து விழுந்தது. இறங்கி எடுத்து, கையிலிருந்து விட்டு ஒரே உதை. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் அந்தக் கோடிக் கோலுக்கும் பின்னால் விழுந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்தது பெண்கள் அணி. அதன் தலைவி மரிவிக் என்ற பிலிப்பைன்ஸ்காரி, தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிறவள், குட்டையான உருவம், எட்டூருக்குக் கேட்கிற குரல். வேலிக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, இந்தக் கால் யாருது?"

"என்னோடதுதான்."

"வீட்ல சும்மாவா வெச்சிருக்கே? எங்களுக்கு ஆள் பத்தல. வந்து கோல்ல நில்லு. கை வேற உனக்கு இவ்ளோ பெருசா இருக்கு."

"நிக்க மாட்டேன். நின்னது போதும். ஓடறதா இருந்தா வர்றேன்."

அப்படித்தான் முப்பத்தொன்பது வயதில் நரெல் சாக்கர் ஆட்டக்காரி ஆனாள். தடுப்பாட்டத்தில் போட்டார்கள். ஊர் பேசாமல் இருக்குமா? மதுக்கடையில் அவளுக்குப் புதுப் பேர் வைத்தார்கள், அதை இங்கே எழுத முடியாது. நானும் விடவில்லை.

"எப்படிடீ அந்த ஆட்டத்தை ஆடறே? குறி தப்பினாக்கூட ஒரு புள்ளி குடுத்து மரியாதை பண்ற ஆட்டம் நம்மது. அங்கே மணிக்கணக்கா ஓடி ஒண்ணுமே கிடைக்காதே!"

"மரியாதை பண்றாங்கதான், மெர்ல். தப்பு பண்றவன் ஆம்பளையா இருந்தா."

நான் ரொட்டியை அடுக்கப் போய்விட்டேன்.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது. நரெலின் முழங்கால் முனக ஆரம்பித்தது. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் ஓடமுடியும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, மூலைக்கு மூலை பெண்கள் ஃபுட்டி அணி கிளம்பியது. சாக்கர் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் எல்லாக் கிளப்புக்கும். நூறு வருஷமாகக் கதவைத் தட்டினாலும் திறக்காதவர்கள் இப்போது தெருவில் இறங்கிக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நெவிலும் ஒரு காலை என் கடைக்குள் வந்தார். நரெல் பால் வேலை முடித்து என்னோடு தேநீர் குடிக்கிற நேரம். அவர் கையில் கிளப்பின் சிவப்பு கறுப்புச் சட்டை, புதுசு.

"நரெல், கண்ணு, காலம் மாறிடுச்சு. நாங்களும் மாறிட்டோம். பொம்பளைங்க டீம் ஆரம்பிக்கிறோம். நீதான் கேப்டன்."

நரெல் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னைக்கு ஆட்டம்?"

"ஞாயித்துக்கிழமை."

"ஏன் சனிக்கிழமை இல்ல?"

"சனிக்கிழமைதான் ஆட்டம் இருக்கேம்மா."

"அப்ப எங்களோடது என்ன?"

நெவில் சிரித்து மழுப்பினார். "அதைப் பிடிச்சுக்கிட்டு தொங்காதே. மைதானம் சனிக்கிழமை ஆம்பளைங்களுக்கு, எப்பவும் போல."

"ஞாயித்துக்கிழமை எனக்கு சாக்கர் இருக்கு."

"அதை விட்டுடணும். எங்க கேப்டன் அங்க போய் உருண்டையை உருட்டிக்கிட்டிருந்தா கிளப்புக்கு அசிங்கம் இல்லையா? யோசிச்சு சொல்லு. ரொம்ப யோசிக்காதே."

சட்டையை அவள் கண் முன்னால் ஒரு தரம் விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு போனார். குழந்தைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி. எனக்கு அப்போதே அந்த ஆள் தலையில் மாவைக் கொட்டலாம் போல இருந்தது.

"உனக்கு வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணும். சொல்றதுக்கே வெக்கமா இருக்கு மெர்ல், அவ்ளோ வேணும். மாடு கறக்கும்போதுகூட மனசுக்குள்ள எகிறிப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"அப்ப வாங்கிக்கோயேன். அவர் எப்படிக் குடுத்தா என்ன?"

"நான் போனா மரிவிக்கோட டீம் பத்துப் பேரு. யாரும் என்னைச் சேத்துக்காதப்ப சேத்துக்கிட்டவங்க. அவங்களை நட்டாத்துல விடச் சொல்றியா?"

சொல்லத்தான் நினைத்தேன். நான் ஃபுட்டிக்காரி ஆயிற்றே. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

அந்த வாரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சந்தைக்குப் பின்னாலிருந்த பள்ளம் குளமாகிவிட்டது. மைதானம் இல்லை என்றால் எதிரணிக்கே வெற்றியைக் கொடுத்துவிடுவார்கள். மரிவிக் நகராட்சிக்கு நடையாய் நடந்து, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஃபுட்டி மைதானத்தை வாங்கிவிட்டாள். நெவில் தாம்தூம் என்று குதித்தார், பலிக்கவில்லை. ஊர் மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கிளம்பியது. கார்களை மைதானத்தைச் சுற்றி வேலியை ஒட்டி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே பார்ப்பது எங்கள் பழக்கம். நல்லது ஏதாவது நடந்தால் கை தட்டுவதில்லை, ஹாரன் அடிப்போம். நானும் ராஸும் கோலுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தோம்.

மரிவிக்கின் அணி அந்தப் பருவத்தில் எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தது. அன்றைக்கு மட்டும் எப்படியோ தாக்குப் பிடித்தார்கள். அவர்களும் அடிக்கவில்லை, எதிரணியையும் அடிக்க விடவில்லை. நேரம் போகப் போகக் கார்களில் கேலி குறைந்தது. ஒரு சமநிலை, ஒரே ஒரு சமநிலை கிடைத்தால் போதும் என்று அந்தப் பெண்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். நானே கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன், சாக்கருக்குப் போய்!

கடைசி நிமிடம். மூலையிலிருந்து எதிரணி பந்தை உயரமாக அனுப்பியது. மழைமேகத்துக்குக் கீழே அது சுழன்று இறங்கியது. கோல் முன்னால் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மேலே நரெல் எழும்பினாள். அவள் எதையும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் அப்படி எழும்பியிருக்க முடியாது. எதிரணிக்காரி ஒருத்தியின் தோளில் முழங்கால் வைத்து, இரண்டு கையையும் நீட்டி, அந்த உருண்டைப் பந்தை விரல் நுனியில் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அப்படி ஒரு மார்க்கை அந்த மைதானம் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

அத்தனை காரும் ஹாரன் அடித்தது. ராஸ் ஹாரன்மேல் படுத்தேவிட்டார். நரெல் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஃபுட்டியில் செய்வதைப் போலவே, நிதானமாக நாலடி பின்னால் நடந்து, உதைப்பதற்குத் திரும்பினாள். அப்போதுதான் நடுவரைப் பார்த்தாள். அவர் விசில் ஊதி ஓய்ந்துபோய், பெனால்டிப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றார். மரிவிக் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரணி அந்தப் பெனால்டியை அடித்தது. ஆட்டமும் முடிந்தது, இவர்கள் தோற்றார்கள்.

நெவில் மைதானத்துக்குள் இறங்கினார். கையில் அதே சட்டை. ஊரே கார்களை விட்டு இறங்கி வந்து சூழ்ந்துகொண்டது. நானும் முண்டியடித்து முன்னால் போனேன்.

"பாத்தீங்களா எல்லாரும்?" என்றார் நெவில். "வாய் என்ன வேணா சொல்லும், கை பொய் சொல்லாது. இவ நம்ம ஆளு. வா கண்ணு, வீட்டுக்கு வா."

நரெல் அவரைப் பார்க்கவில்லை, மரிவிக்கைப் பார்த்தாள். மரிவிக் சேற்றிலிருந்து எழுந்தாள்.

"போகணும்னா போ அக்கா. போறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கையை மட்டும் இங்க குடுத்துட்டுப் போ. எலும்பு பிரிக்கிற கத்தி என்கிட்டதான் இருக்கு."

நரெல் சிரித்துவிட்டாள். சிரிப்போடே நெவில் பக்கம் திரும்பினாள், குரல் இறங்கிவிட்டது.

"நெவில், எனக்கு ஃபுட்டி வேணும். இல்லேன்னு இனிமே சொல்ல முடியாது, ஊரே பாத்துடுச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை இவங்களோடது. சனிக்கிழமை குடு. காலையில குடு. உங்க ஆம்பளைங்க தூங்கி எந்திரிக்கிறதுக்கு முன்னாடி குடு, போதும்."

"அது எப்படி? காலையில நீங்க ஆடிட்டா மைதானம் சேறாயிடும். மத்தியானம் பெரிய ஆட்டம் இருக்கே."

"சரி. கூலம்பின்ல குடுக்கறாங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் கூலம்பின். பச்சை வெள்ளைச் சட்டை. எங்கள் பாட்டன் காலத்துப் பகை. மிர்ராட்டில் ஒருத்தர் குடித்துச் சீரழியலாம், ஓடிப்போகலாம், ஏன், சாக்கர்கூட ஆடலாம். கூலம்பினுக்கு ஆடியவர் என்று ஒருத்தரும் கிடையாது.

நெவிலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சும்மா மிரட்டறதுக்குத்தானே சொல்றே?"

"அவங்களுக்கு வேற லீக். பொம்பளைங்க ஆட்டம் சனிக்கிழமை காலையில, பெரிய மைதானத்துல. நான் ஏற்கெனவே பேசிட்டேன். நீ குடுத்திருந்தா இங்கேயே ஆடியிருப்பேன். வெள்ளைக் கோட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ."

பின்னாலிருந்து எவனோ "துரோகி!" என்று கத்தினான்.

"ஆமாண்டா!" என்றாள் நரெல். அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட நடு மைதானத்துல சட்டையைக் கழட்டி வாங்கினப்ப எங்கடா போச்சு இந்த ஊர்ப்பாசம்? நான் எங்க வேணா ஆடுவேன். கையாலயும் ஆடுவேன், காலாலயும் ஆடுவேன். எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்."

நெவில் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். கூட்டம் கலைந்தது. சாக்கர் பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்று, அந்தப் பெனால்டிக்காக இன்னொரு தரம் நன்றாகத் திட்டினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. சாக்கரைப் பொறுத்துக்கொண்டேன். கூலம்பின் சட்டையை எப்படிப் பொறுத்துக்கொள்வது? ராஸ் தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடைக்கு வருகிறவர்கள், ஏதோ நான்தான் அவளை ஆற்றைக் கடத்திவிட்டேன் என்பது போலப் பார்த்தார்கள். ஒருத்தி, "உங்க நாத்தனார் இப்படிப் பண்ணிட்டாளே" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பித்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அவ ஆடறா. உன் வீட்ல எவ ஆடறா?" என்று கேட்டு, அவளுடைய ரொட்டியைப் பொட்டலம் கட்டி நீட்டினேன். நெவிலின் பெண்கள் அணி அந்த வருஷம் கிளம்பவே இல்லை. பதினெட்டுப் பேர் சேரவில்லை.

அவள் முதல்முதலாக ஆடப்போகிற சனிக்கிழமை விடிந்ததும், பை தட்டுகளை வேலைக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் காரை எடுத்தேன். ராஸிடம் மாவு வாங்கப் போவதாகச் சொன்னேன். அவர், "பத்திரமாப் போயிட்டு வா, அவளுக்கு முட்டி எப்படி இருக்குன்னு பாரு" என்றார்.

கூலம்பின் மைதானத்தில் ஒதுக்குப்புறமாகக் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். நரெல் பச்சை வெள்ளையில் நின்றாள். பார்க்கச் சகிக்கவில்லை. அவளைச் சுற்றி எல்லாம் சின்னப் பெண்கள், காற்றாய் ஓடினார்கள். முதல் கால் பகுதி முழுக்கப் பந்து இவள் பக்கமே வரவில்லை. இதற்காகவா ஊரைப் பகைத்துக்கொண்டாய் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு ஒரு பந்து தரையில் துள்ளிக்கொண்டு வந்தது. நரெல் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள், எதிரணியின் ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, முழு வேகத்தில் ஓடி வந்து தோளால் அவள் மார்பில் இடித்தாள். அந்தச் சத்தம் ஏற்றிய கண்ணாடிக்கு உள்ளேயே கேட்டது. நரெல் மல்லாக்கச் சேற்றில் விழுந்து கொஞ்ச தூரம் சறுக்கினாள். எழுந்திருக்கவில்லை. நான் கார்க் கதவைத் திறந்துகொண்டு வேலிக்கு ஓடினேன். இடித்த பெண்ணே பயந்துபோய் அவள் மேல் குனிந்து நின்றாள்.

நரெல் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். உதடு கிழிந்து ரத்தம். வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள். வேலியில் என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு, அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"மெர்ல்! பாத்தியா? இடிச்சுட்டா! அடிபடுமேன்னு பாக்காம என்னை இடிச்சுட்டா, மெர்ல்!"

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கூலம்பின்காரர்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு என்னைத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும். வேலியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"சிரிச்சது போதும், எந்திரிடீ! எந்திரிச்சுத் திருப்பி இடி!"